பின்தொடர் பிழை (நேர்மாறு இயக்கவியல்)

பின்தொடர் பிழை என்பது உடல் அசைவுப் பகுப்பாய்வில் பயன்படும் ஓர் அளவு ஆகும். ஒருவரின் உடலில் ஒட்டப்பட்ட குறிப்பான் உண்மையில் இருந்த இடத்துக்கும், அவருடைய உடலுக்கு ஏற்ப அமைக்கப்பட்ட கணினி எலும்புக்கூட்டு மாதிரியில் அதே குறிப்பான் வந்து நின்ற இடத்துக்கும் இடையிலான தொலைவே இப்பெயரால் குறிக்கப்படுகிறது. இது பொதுவாக மில்லிமீட்டரிலோ சென்டிமீட்டரிலோ தரப்படும். மூட்டுக் கோணங்களைக் கணிக்கும் நேர்மாறு இயக்கவியல் என்னும் கணக்கீடு இப்பிழையை இயன்றவரை குறைப்பதன் மூலமே விடையைக் கண்டடைகிறது. ஆகவே கணக்கீடு முடிந்தபின் எஞ்சி நிற்கும் பிழையைச் சோதித்துப் பார்ப்பது, கிடைத்த கோணங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அறிவதற்கான முதற்படியாகும்.

இச்சோதனை வெறும் கணினிச் சடங்கு அன்று. பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் தொடையெலும்பை வெட்டித் திருப்பி அமைக்க வேண்டுமா என்று முடிவு செய்யும் மருத்துவர், நடைப் பகுப்பாய்வு தரும் இடுப்புமூட்டுச் சுழற்சிக் கோணத்தையும் கருத்தில் கொள்கிறார். முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் தரையில் அமரலாமா என்ற கேள்விக்கும், செயற்கைக் கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்ற கேள்விக்கும் இத்தகைய கோணங்களே அடிப்படை. தரையில் அமர்ந்து உண்பதும் தொழில் செய்வதும் இயல்பாக உள்ள மதுரை போன்ற வட்டாரங்களில் இக்கேள்விகள் அன்றாடக் கேள்விகள். இதனால் இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் காணப்படும் அசைவுகளிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன.

நேர்மாறு இயக்கவியல்

இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளின் கோணங்களும் எலும்புகளின் நீளங்களும் தெரிந்தால் பாதம் எங்கே இருக்கும் என்பதை எளிதில் கணக்கிடலாம். இது நேர் இயக்கவியல். பாதமும் பிற உறுப்புகளும் இருக்கும் இடங்கள் தெரிந்து, அவற்றிலிருந்து கோணங்களைக் கண்டுபிடிப்பது நேர்மாறு இயக்கவியல். எந்திரக் கைகளை இயக்குவதற்கும் அசைபடங்களில் உருவங்களை நகர்த்துவதற்கும் இதே கணக்கு பயன்படுகிறது. ஆனால் எந்திரக் கையின் நீளமும் அச்சும் அதைச் செய்தவருக்குத் துல்லியமாகத் தெரியும். மனித உடலில் அவை எலும்பையும் தசையையும் தோலையும் தாண்டி ஊகிக்கப்பட வேண்டியவை. அசைவுப் பகுப்பாய்வின் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

நடைமுறையில், வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பூச்சுடைய சிறு உருண்டைகள் உடலில் ஒட்டப்படுகின்றன. இவையே குறிப்பான்கள் எனப்படுகின்றன. இவை பெரும்பாலும் 9 முதல் 14 மி.மீ. விட்டமுடையவை. சுற்றிலும் வைக்கப்பட்ட அகச்சிவப்புப் படக்கருவிகள், வினாடிக்கு 100 அல்லது அதற்கும் மேற்பட்ட சட்டகங்களாக அவற்றைப் படம்பிடித்து, ஒவ்வொன்றின் முப்பரிமாண இடத்தையும் தருகின்றன. மறுபுறம், கணினியில் ஒரு பொதுவான எலும்புக்கூட்டு மாதிரி இருக்கும். அந்த மாதிரியின் எலும்புகளை ஆளின் அளவுக்கேற்ப நீட்டியும் குறுக்கியும் அமைப்பது அளவுமாற்றம் எனப்படும். அதன்பின் ஒவ்வொரு சட்டகத்திலும், மாதிரியின் குறிப்பான்கள் படம்பிடிக்கப்பட்ட குறிப்பான்களுக்கு மிக அருகில் வருமாறு மூட்டுக் கோணங்கள் திருத்தப்படுகின்றன.

முன்னர் ஒவ்வொரு உடற்பகுதியின் இருப்பும் தனித்தனியாகவே கணிக்கப்பட்டது. அவ்வாறு செய்யும்போது தோலின் நகர்வால் தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதுபோலவோ, ஒன்றுள் ஒன்று புகுவதுபோலவோ விடை வருவதுண்டு. மூட்டுகளின் கட்டுப்பாட்டை உள்ளடக்கி எல்லாப் பகுதிகளையும் ஒருசேரப் பொருத்தும் முறையை லூ, ஓ'கானர் ஆகியோர் 1999-இல் வெளியிட்டனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2007-இல் ஸ்காட் டெல்ப் உள்ளிட்டோரின் கட்டுரை வழியாக அறிமுகமான ஓப்பன்சிம் என்ற கட்டற்ற மென்பொருள் இவ்வகைக் கணக்கீட்டைப் பலரும் எளிதில் செய்யக்கூடியதாக ஆக்கியது. இம்மென்பொருளுக்கென 2016-இல் வெளியான, அபூர்வா ராஜகோபால் முதன்மை ஆசிரியராக உள்ள முழுவுடல் மாதிரி 37 சுதந்திர இயக்கக்கூறுகளைக் கொண்டது. அதாவது, ஒவ்வொரு சட்டகத்திலும் கண்டுபிடிக்க வேண்டிய தெரியாத எண்கள் 37.

பிழை கணக்கிடப்படும் முறை

ஒவ்வொரு குறிப்பானுக்கும் உண்மை இடத்துக்கும் மாதிரி இடத்துக்கும் இடையிலுள்ள தொலைவு வர்க்கப்படுத்தப்பட்டு, அக்குறிப்பானுக்கு அளிக்கப்பட்ட எடையால் பெருக்கப்பட்டு, எல்லாம் கூட்டப்படுகின்றன. இக்கூட்டுத்தொகையை மிகச் சிறியதாக்கும் கோணங்களே விடை. இது பள்ளிக் கணிதத்தில் நேர்கோடு பொருத்தப் பயன்படும் மீச்சிறு வர்க்க முறையேயன்றி வேறன்று. எடை என்பது ஒரு குறிப்பானை எவ்வளவு நம்புகிறோம் என்பதைக் குறிக்கும் எண். எலும்பு தோலுக்கு அருகே துருத்தி நிற்கும் இடத்தில் ஒட்டிய குறிப்பானுக்கு அதிக எடையும், தொடைத் தசையின் மீது ஒட்டியதற்குக் குறைந்த எடையும் கொடுப்பது வழக்கம்.

ஓப்பன்சிம் ஒவ்வொரு சட்டகத்துக்கும் மூன்று எண்களைத் தருகிறது: மொத்த வர்க்கப் பிழை, சராசரி இருமடிமூலப் பிழை, மிகப் பெரிய பிழையும் அது ஏற்பட்ட குறிப்பானின் பெயரும். இம்மென்பொருளின் கையேடு தரும் பொதுவான அளவுகோலின்படி, அசைவின்போது மிகப் பெரிய பிழை 2 முதல் 4 செ.மீ.க்கு உட்பட்டும், சராசரி இருமடிமூலம் 2 செ.மீ.க்கு உட்பட்டும் இருக்க வேண்டும். அசையாமல் நிற்கும் நிலையில் செய்யப்படும் அளவுமாற்றத்துக்கு இதைவிடக் கடுமையான வரம்பு உண்டு. அங்கே எலும்பு முனைக் குறிப்பான்களின் மிகப் பெரிய பிழை 2 செ.மீ.க்கும், சராசரி இருமடிமூலம் 1 செ.மீ.க்கும் குறைவாக இருக்க வேண்டும்.

சராசரியை மட்டும் பார்ப்பது ஏன் போதாது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். 20 குறிப்பான்களில் 19-இன் பிழை தலா 5 மி.மீ. என்றும், ஒன்றின் பிழை 60 மி.மீ. என்றும் கொள்க. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 475 + 3600 = 4075. இதனை 20-ஆல் வகுத்தால் 203.75, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 14.3 மி.மீ. இது 2 செ.மீ. என்ற வரம்புக்குள் நன்றாகவே அடங்கிவிடுகிறது. ஆனால் ஒரு குறிப்பான் 6 செ.மீ. தள்ளி நிற்கிறது. அது கணுக்காலில் இருந்தால் அந்தக் காலின் கணக்கு முழுவதும் ஐயத்துக்குரியது.

பிழையின் மூலங்கள்

முதன்மையான மூலம் மென்திசு நகர்வு. குறிப்பான் ஒட்டப்படுவது தோலில்; அறிய விரும்புவது எலும்பின் இருப்பு. நடக்கும்போதும் மடங்கும்போதும் தோலும் கொழுப்பும் தசையும் எலும்பின் மேல் வழுக்குகின்றன, அதிர்கின்றன. எலும்பிலேயே ஊசி பொருத்தியும், ஊடுகதிர்ப் படங்களோடு ஒப்பிட்டும் செய்யப்பட்ட ஆய்வுகள், தொடையில் இந்நகர்வு 1 செ.மீ.ஐத் தாண்டி 3 செ.மீ. வரையிலும் செல்லக்கூடும் என்று காட்டின. கீழ்க்காலில் இது குறைவு. இப்பிழை தற்செயலானது அன்று என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வோர் அடியிலும் அதே நேரத்தில் அதே திசையில் வருவதால், பல அடிகளின் சராசரியை எடுத்தாலும் இது நீங்காது.

அடுத்தது, குறிப்பானை ஒட்டும் இடம். முழங்காலின் வெளிப்புற எலும்பு முனையை விரலால் தடவி அறிய வேண்டும். இருவர் ஒட்டினால் இரண்டு இடங்களில் ஒட்டுவர். இதன் விளைவு எந்தக் கோணத்தை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 40 செ.மீ. நீளமுள்ள கீழ்க்காலின் ஒரு முனையில் 1 செ.மீ. தவறினால் மடக்குக் கோணத்தில் ஏற்படும் பிழை 1/40 ரேடியன், அதாவது ஏறத்தாழ 1.4 பாகை. ஆனால் எலும்பு தன் நீள அச்சைச் சுற்றித் திரும்பும் கோணத்தைத் தொடையின் மையத்திலிருந்து 7 செ.மீ. தொலைவில் உள்ள குறிப்பானைக் கொண்டு அறிய முயன்றால், அதே 1 செ.மீ. பிழை 1/7 ரேடியன், அதாவது 8 பாகைக்கு மேல் ஆகிவிடும். நடைப் பகுப்பாய்வின் நம்பகத்தன்மை பற்றி மெக்கின்லி உள்ளிட்டோர் 2009-இல் வெளியிட்ட மீளாய்வு, 5 பாகைக்கு மேற்பட்ட பிழை மருத்துவ முடிவைத் திசைதிருப்பக்கூடும் என்று கருதியது. இடுப்பு, முழங்கால் ஆகியவற்றின் சுழற்சிக் கோணங்களே மிகக் குறைந்த நம்பகத்தன்மை உடையவை என்பதும் அதில் குறிப்பிடப்பட்டது. தொடையெலும்பைத் திருப்பும் அறுவைக்கு வேண்டப்படுவதும் இதே சுழற்சிக் கோணம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் சிக்கலின் கடுமை விளங்கும்.

படம்பிடிக்கும் இடத்தின் சூழலும் தன் பங்கைச் சேர்க்கிறது. மதுரையின் சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையால் ஒட்டுநாடா நெகிழ்ந்து குறிப்பான் வழுகும். சூரிய ஒளியில் அகச்சிவப்புக் கதிர்கள் மிகுதியாக உள்ளதால் திறந்த வெளியில் இவ்வகைப் படக்கருவிகள் தடுமாறுகின்றன. பளபளக்கும் பொருள் எதுவும் பொய்க் குறிப்பானாகப் பதிவாகலாம். வெள்ளிக் கொலுசு கணுக்கால் குறிப்பானுக்கு மிக அருகிலும், மெட்டி பாத முனைக் குறிப்பானுக்கு அருகிலும் இருப்பவை. கழற்ற விரும்பாதவரிடம் அவற்றின் மேல் மங்கலான நாடாவைச் சுற்றிக்கொள்ளச் சொல்வது எளிய தீர்வு. சேலைக்கும் வேட்டிக்கும் இவ்வளவு எளிதான தீர்வு இல்லை. துணியின் மேல் ஒட்டிய குறிப்பான் துணியின் அசைவைத்தான் சொல்லும்.

விரைவான அசைவுகளில் குறிப்பான்களின் பெயர்கள் மாறிப்போவதும் உண்டு. சிலம்பம் சுற்றுபவரின் கம்பு வினாடிக்கு 3 சுற்று சுற்றுவதாகவும், சுழலும் மையத்திலிருந்து கம்பின் நுனி 80 செ.மீ. தொலைவில் இருப்பதாகவும் கொண்டால், நுனியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர். வினாடிக்கு 100 சட்டகம் எடுக்கும் படக்கருவிக்கு, அடுத்தடுத்த இரு சட்டகங்களுக்கிடையில் நுனி 15 செ.மீ. தாவிவிடுகிறது. மணிக்கட்டிலும் கம்பிலும் உள்ள குறிப்பான்கள் இதைவிட நெருக்கமாக இருக்கும்போது, எது எது என்று மென்பொருள் குழம்புவதில் வியப்பில்லை. இங்கே சட்டக வீதத்தை உயர்த்துவதே வழி. கணக்கீட்டில் எடைகளை மாற்றிப் பயனில்லை.

தரையில் அமரும் உடலும் மாதிரியின் வரம்பும்

மேற்கண்டவை அளவீட்டின் பிழைகள். அளவீடு சரியாக இருந்தும் மாதிரி தவறாக இருக்கும் நிலை ஒன்று உண்டு. இந்திய வாழ்க்கைமுறையில் இதுவே மிக முக்கியமானது. எனினும் பாடநூல்களில் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுவது.

ஓப்பன்சிமுடன் பரவலாகப் பயன்படும் மாதிரிகள் முதன்மையாக நடப்பதையும் ஓடுவதையும் ஆராய்வதற்காக அமைக்கப்பட்டவை. நடக்கும்போது முழங்கால் ஏறத்தாழ 60 பாகை மடங்கினால் போதும். எனவே 2016-ஆம் ஆண்டு மாதிரியில் முழங்கால் 120 பாகை வரை மடங்குமாறு வைக்கப்பட்டதில் அதன் நோக்கத்துக்குக் குறையேதும் இல்லை. பின்னர் லாய், ஆர்னால்டு, வேக்லிங் ஆகியோர் 2017-இல் இதனை 140 பாகை வரை நீட்டித்தனர்.

ஆனால் விளாச்சேரியில் மண்பொம்மை செய்பவரோ, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவரோ, பூ கட்டுபவரோ நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்வது வழக்கமன்று. சம்மணமிட்டோ, ஒரு காலை மடக்கியோ, குந்தியோ அமர்கின்றனர். இந்நிலைகளில் மூட்டுகள் எவ்வளவு மடங்குகின்றன என்பதை எம்மெரிச் உள்ளிட்டோர் 30 இந்தியர்களிடம் மின்காந்த உணரிகளைக் கொண்டு அளந்து 2006-இல் வெளியிட்டனர். குதிகாலை உயர்த்திக் குந்தும்போது முழங்காலின் மிகுதி மடக்கம் சராசரியாக 157 பாகை. திட்ட விலக்கம் 6 பாகை. பாதம் முழுவதும் தரையில் பதியக் குந்தும்போது இடுப்பு மூட்டின் மிகுதி மடக்கம் சராசரியாக 95 பாகை. இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம், திட்ட விலக்கம் 27 பாகை. இவ்வுணரிகளும் தோலின் மேல் பொருத்தப்பட்டவையே என்பதால் இவ்வெண்களும் மென்திசு நகர்வுக்கு விலக்கல்ல. ஆயினும் 157-க்கும் 120-க்கும் உள்ள இடைவெளி அதனால் மறையக்கூடியதன்று.

இவ்வாறு குந்திய ஒருவரின் தரவை 120 பாகை வரம்புள்ள மாதிரியில் இட்டால் என்ன ஆகும்? 37 பாகை குறைகிறது. கீழ்க்காலின் நீளம் 40 செ.மீ. எனில், மற்ற மூட்டுகள் அசையாதபோது கணுக்கால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 25 செ.மீ. விலகி நிற்கும். வரம்பு 140 பாகையாயின் விலகல் ஏறத்தாழ 12 செ.மீ. ஆனால் கணக்கீடு மற்ற மூட்டுகளை அசையாமல் விடுவதில்லை. மொத்தப் பிழையைக் குறைப்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. ஆகவே இடுப்பெலும்பைச் சற்றுச் சாய்க்கும், இடுப்பு மூட்டைக் கூடுதலாக மடக்கும், கணுக்காலை வளைக்கும், தொடையைச் சற்றுத் திருப்பும். 25 செ.மீ. என்ற பெரிய பிழை இவ்வாறு பல குறிப்பான்களுக்குச் சிறு சிறு பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. இறுதியில் திரையில் தோன்றும் எண் அச்சமூட்டுவதாக இருக்காது. ஆனால் முழங்காலின் குறை மற்ற எல்லா மூட்டுகளின் கோணங்களிலும் கலந்துவிட்டது. சரியாக மடங்கிய இடுப்பும் கணுக்காலும் இப்போது தவறான கோணங்களைக் காட்டுகின்றன.

இதனைக் கண்டுபிடிப்பது கடினமன்று. முழங்கால் கோணத்தின் வரைபடம் 120 பாகையில் தட்டையாக, மேசைப் பரப்புபோல நிற்கும். உயிருள்ள மூட்டு எதுவும் அவ்வளவு நேர்த்தியான நேர்கோட்டில் நிற்பதில்லை. அதே நேரத்தில் கணுக்கால், முழங்கால் குறிப்பான்களின் பிழை ஏறத் தொடங்கும்.

வரம்பு எண்ணை 120-லிருந்து 160-க்கு மாற்றி எழுதிவிட்டால் பிழை குறைந்துவிடுமே என்று தோன்றலாம். அது பாதித் தீர்வு. முழங்கால் கதவின் கீல்போல ஒரே அச்சில் சுழல்வதில்லை. மடங்கும்போது எலும்புகள் உருண்டும் வழுக்கியும் செல்கின்றன. மாதிரியில் இந்த நகர்வு குறிப்பிட்ட கோண எல்லைக்குள் வரையறுக்கப்பட்ட வளைகோடுகளாக எழுதப்பட்டுள்ளது. எல்லையைத் தாண்டினால் மென்பொருள் ஊகித்து நீட்டும். மேலும், ஆழக் குந்தும்போது தொடையின் பின்புறமும் கெண்டைக்கால் தசையும் ஒன்றையொன்று அழுத்தி உடலின் எடையில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. இவ்வழுத்தத்தைப் பொதுவான மாதிரிகள் கணக்கில் கொள்வதில்லை. எனவே கோணம் சரியாக வந்தாலும் மூட்டின் மீதான விசையைப் பற்றிய முடிவு தவறாகலாம்.

குந்தும் நிலையில் அளவீட்டுச் சிக்கலும் கூடவே வருகிறது. இடுப்பெலும்பின் முன் முனைகளில் ஒட்டிய குறிப்பான்கள் வயிற்றுக்கும் தொடைக்கும் இடையில் மறைந்துபோகின்றன. விடுபட்ட சட்டகங்களை மென்பொருள் வளைகோடு கொண்டு நிரப்பும். நிரப்பப்பட்ட இடம் உண்மையான அளவீடு அன்று என்பதைப் பின்தொடர் பிழை தானாகச் சொல்லாது. இதனால் இடுப்பின் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் கூடுதல் குறிப்பான்கள் ஒட்டப்படுகின்றன.

தரையில் அமர்வதைப் பொருட்படுத்தி வடிவமைத்த மரபு இந்தியாவில் புதியதன்று. குந்தவும் சம்மணமிடவும் இடமளிக்கும் செய்ப்பூர்க் கால், கைவினைஞர் ராம் சந்தர் சர்மா, மருத்துவர் பி. கே. சேத்தி ஆகியோரால் 1960-களின் இறுதியில் உருவாக்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2022-இல் அறிமுகப்படுத்திய பல்லச்சுச் செயற்கை முழங்கால் 160 பாகை வரை மடங்குவது. கருவிகள் இவ்வளவு தூரம் வந்துவிட்ட நிலையில், அவற்றை அணிந்தவரின் அசைவை 120 பாகையில் நின்றுவிடும் மாதிரியால் மதிப்பிடுவது பொருத்தமற்றது.

பிழையைப் படிக்கும் முறை

அனுபவமுள்ளோர் பிழையின் அளவைவிட அதன் வடிவத்தையே முதலில் பார்ப்பர். ஒவ்வொரு குறிப்பானின் பிழையையும் நேரத்துக்கு எதிராக வரைந்தால், வடிவமே பெரும்பாலும் காரணத்தைச் சுட்டும்.

பிழை தொடக்கம் முதல் இறுதிவரை ஏறத்தாழ மாறாமல் இருந்தால், குறிப்பான் மாதிரியில் தவறான இடத்தில் உள்ளது அல்லது எலும்பின் நீளம் சரியாக அளவுமாற்றம் செய்யப்படவில்லை. ஒரு காலின் எல்லாக் குறிப்பான்களும் ஒரே திசையில் விலகினால் நீளமே காரணமாயிருக்கும். ஓரிரு சட்டகங்களில் மட்டும் ஊசிபோல உயர்ந்து தணிந்தால், பெயர் மாறியது, பொய்க் குறிப்பான் புகுந்தது, இடைவெளி மோசமாக நிரப்பப்பட்டது ஆகியவற்றுள் ஒன்று. இடது, வலது குறிப்பான்களின் பிழைகள் ஒரே சட்டகத்தில் ஒருசேரத் தாவினால் பெயர் மாற்றம் என்பது ஏறத்தாழ உறுதி. ஒவ்வொரு முறையும் குதிகால் தரையைத் தொட்டவுடன் எழுந்து அடங்கும் பிழை தசையின் அதிர்வு. மூட்டு மடங்க மடங்கப் பிழையும் ஏறி, நிமிர்கையில் இறங்கினால், தோலின் வழுக்கலையோ மாதிரியின் மூட்டு அமைப்பையோ ஐயுற வேண்டும். எல்லாக் குறிப்பான்களும் நம்பமுடியாத அளவுக்கு விலகி நின்றால், வேறெதையும் தேடுமுன் அலகைப் பார்ப்பது நன்று. மில்லிமீட்டரில் உள்ள தரவை மீட்டராகப் படித்த மாதிரி ஆயிரம் மடங்கு பெரிய உலகில் தேடிக்கொண்டிருக்கும்.

இவ்வாறு படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மிகப் பெரிய பிழையுடைய குறிப்பான்தான் குற்றவாளி என்று கொள்ள முடியாது. அதிக எடை கொடுக்கப்பட்ட ஒரு குறிப்பான் தவறான இடத்தில் இருந்தால், கணக்கீடு அதனை விடாமல் பின்தொடர்ந்து, சரியாக ஒட்டப்பட்ட அண்டைக் குறிப்பானின் மேல் பிழையைத் தள்ளிவிடும்.

சிறிய பிழை, தவறான கோணம்

பெரிய பிழை இருந்தால் ஏதோ தவறு என்பது உறுதி. இதன் மறுதலை உண்மையன்று. பிழை சிறியதாக இருந்தும் கோணங்கள் தவறாக இருக்கலாம். இத்துறையில் புதிதாக நுழைவோர் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான்.

முழங்கால் குறிப்பான் 2 செ.மீ. பின்தள்ளி ஒட்டப்பட்டுவிட்டது எனக் கொள்வோம். அசையாமல் நிற்கும் நிலையில் அளவுமாற்றம் செய்யும்போது, மென்பொருள் மாதிரியிலுள்ள குறிப்பானையும் அத்தவறான இடத்துக்கே நகர்த்திப் பொருத்திவிடுகிறது. அதன்பின் நடையின்போது இரண்டும் ஒரே தவறான இடத்தில் சேர்ந்தே செல்லும். பிழை சில மில்லிமீட்டர் மட்டுமே. தவறு முழுவதும் மாதிரிக்குள் புகுந்துவிட்டதால் வெளியே எதுவும் தெரியாது. இதனால், எலும்பு முனைகளில் கவனமாக ஒட்டிய குறிப்பான்களை நகராமல் நிலைநிறுத்தி, தொடையிலும் கீழ்க்காலிலும் உள்ள துணைக் குறிப்பான்களை மட்டும் நகர விடுவது நல்ல பழக்கம்.

குறிப்பான்களின் எண்ணிக்கையும் ஏமாற்றும். குறிப்பான்களைக் குறைத்தால் மாதிரி திருப்திப்படுத்த வேண்டிய நிபந்தனைகளும் குறைகின்றன, பிழையும் குறையும். மாதிரிக்குச் சுதந்திர இயக்கக்கூறுகளைக் கூட்டினாலும் அவ்வாறே. முழங்காலுக்குப் பக்கவாட்டு அசைவையும் சுழற்சியையும் தாராளமாக அனுமதித்தால், தோலின் வழுக்கலைக்கூட மூட்டின் அசைவாக மாற்றிக் காட்டி மாதிரி பிழையைக் குறைத்துவிடும். தொந்தரவு தரும் குறிப்பானின் எடையைச் சுழியாக்கிவிட்டுப் பிழை குறைந்ததாக அறிவிப்பதும் இவ்வகையே. ஆய்வறிக்கையில் சராசரிப் பிழை தரப்படும்போது எத்தனை குறிப்பான்கள், என்ன எடைகள் என்பனவும் தரப்படாவிட்டால் அவ்வெண்ணுக்குப் பொருள் குறைவு.

சார்பற்ற சோதனைகள்

மேற்கண்ட காரணத்தால், கணக்கீடு தானே குறைத்துக் காட்டிய எண்ணைக்கொண்டு கணக்கீட்டைச் சோதிப்பதோடு நிற்கக் கூடாது. ஹிக்ஸ் உள்ளிட்டோர் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுக் கட்டுரை, மாதிரிகளைச் சரிபார்க்கும் பல முறைகளைத் தொகுத்துரைக்கிறது.

எளிமையானது, ஒரு குறிப்பானைக் கணக்கீட்டிலிருந்து விலக்கிவைத்து, அது எங்கே இருக்கும் என்று மாதிரி சொல்லும் இடத்தையும் உண்மை இடத்தையும் ஒப்பிடுவது. இவ்வொப்பீட்டில் வரும் பிழை வழக்கமான பின்தொடர் பிழையைவிடப் பெரிதாகவே இருக்கும். ஆனால் அது நேர்மையானது. மாதிரியை அசையும் படமாகப் பார்ப்பதும் பயனுள்ளது. பாதம் தரைக்குள் புதைகிறதா, ஊன்றிய கால் சறுக்குகிறதா என்பவை எண்களில் தெரியாமல் கண்ணுக்கு உடனே தெரிபவை. முழங்காலின் பக்கவாட்டுக் கோணத்தை அனுமதிக்கும் மாதிரியாயின், அதன் வரைபடம் மடக்குக் கோணத்தின் வரைபடத்தை அப்படியே சிறிதாக்கியதுபோல இருந்தால் முழங்கால் அச்சு திரும்பியுள்ளது என்று பொருள். தரையில் விசைத்தட்டு இருந்தால் மேலும் ஒரு சோதனை உண்டு. அளக்கப்பட்ட தரை விசையும் மாதிரியின் முடுக்கமும் நியூட்டனின் இரண்டாம் விதிப்படி பொருந்த வேண்டும். பொருந்தாமல் எஞ்சும் விசை, புறவிசையின் உச்ச அளவில் 5 விழுக்காட்டுக்குள் இருப்பது விரும்பத்தக்கது.

மாணவர்கள் இதனை ஆளே இல்லாமல் செய்து பார்க்கலாம். இரண்டு மரச் சட்டங்களை ஒரு திருகாணியால் இணைத்து, இணைப்பில் பாகைமானியை வைத்து, ஒவ்வொரு சட்டத்திலும் மூன்று குறிப்பான்களை ஒட்டி, 30, 60, 90, 120, 150 பாகைகளில் நிறுத்திப் படம்பிடிக்க வேண்டும். இங்கே தோலும் இல்லை, தசையும் இல்லை. உண்மைக் கோணம் கண்முன் உள்ளது. கணக்கீடு தரும் கோணம் இதிலேயே 2 பாகை தவறினால், படக்கருவிகளின் அளவுத்திருத்தத்தையோ கணக்கீட்டு அமைப்பையோ முதலில் சரிசெய்ய வேண்டும். பிறகு ஒரு சட்டத்தின் குறிப்பான்களுக்கு அடியில் தடித்த நுரைப்பஞ்சை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தால், மென்திசு நகர்வின் விளைவு தனியே தெரியும்.

குறிப்பானற்ற முறைகள்

அண்மைக் காலத்தில் குறிப்பான் எதையும் ஒட்டாமல், நிகழ்படத்திலிருந்து மூட்டுகளின் இடங்களை ஊகிக்கும் முறைகள் பரவி வருகின்றன. ஸ்டான்ஃபோர்டில் உருவான ஓப்பன்கேப் என்ற மென்பொருள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட திறன்பேசிகளின் படங்களைக்கொண்டு ஓப்பன்சிம் மாதிரியை இயக்குகிறது. 2023-இல் வெளியான அதன் மதிப்பீட்டில், குறிப்பான் முறையோடு ஒப்பிடுகையில் மூட்டுக் கோணங்களின் சராசரி வேறுபாடு 4.5 பாகை. ஆய்வுக்கூடம் தேவையில்லை என்பதால் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் குனிந்து பூப்பறிப்பவர்களின் முதுகு வளைவைக்கூட இருந்த இடத்திலேயே ஆராய இது வழிவகுக்கும்.

ஆயினும் இங்கும் இறுதியில் நடப்பது நேர்மாறு இயக்கவியலே. குறிப்பானுக்குப் பதிலாகக் கணினி ஊகித்த புள்ளி பின்தொடரப்படுகிறது. சேலையின் மடிப்புக்குள் மறைந்த முழங்காலுக்கும் அது தயங்காமல் ஒரு புள்ளியைத் தந்துவிடும். மாதிரி அப்புள்ளியை நெருக்கமாகப் பின்தொடர்ந்தால் பின்தொடர் பிழை சிறியதாகவே இருக்கும். அது காட்டுவது புள்ளிக்கும் மாதிரிக்கும் உள்ள நெருக்கத்தை மட்டுமே. உடலில் அணியும் நிலைம உணரிகளைப் பயன்படுத்தும் முறையில் இடங்களுக்குப் பதில் திசைகள் பின்தொடரப்படுவதால் பிழையும் பாகையில் தரப்படுகிறது. அவற்றின் காந்தமானிகள் அருகிலுள்ள இரும்பால் திசைமாறக்கூடும் என்பதால், இரும்புக் கட்டில், இரும்புத் தூண் ஆகியவற்றுக்கு அருகே எடுத்த அளவுகளைத் தனியே சரிபார்க்க வேண்டும்.